மதாம் வீட்டுப் பின்வாசல்

மதாமிடம் யாரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. போட முடியாது. நீங்கள் என்ன சொன்னாலும் கடைசிவரை கேட்டுவிட்டு, "நீ சொல்றது சரிதாம்மா" என்று கையைப் பிடித்துக்கொள்வார். அதற்குமேல் எப்படிச் சண்டை போடுவது?

அவர் வீட்டு மாடியில் இரண்டு குடித்தனங்கள். தண்ணீர்க் குழாய் ஒன்றுதான். யார் முதலில் பிடிப்பது என்று தினம் காலையில் ரகளை. ஒரு நாள் நான் போயிருந்தபோது ஒருத்தி படியிறங்கி வந்து மூச்சு விடாமல் பொரிந்து தள்ளினாள். மதாம் கேட்டார். "நீ சொல்றது சரிதாம்மா. கைக்கொழந்தய வச்சிக்கினு நீ எங்க போயி நிப்பே" என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே போனாள். கொஞ்ச நேரத்தில் அடுத்தவள் இறங்கி வந்தாள். அவள் கையையும் அதே மாதிரி பிடித்துக்கொண்டார். "நீ சொல்றது சரிதாம்மா. காலையில மில்லுக்குப் போறவ நீ, நீதானே மொதல்ல புடிக்கணும்." இரண்டு பேருக்குமே மதாம் என்றால் உயிர். குழாய்ச் சண்டை மட்டும் தீரவே இல்லை. எனக்கு அப்போது அது வேடிக்கையாக இருந்தது. பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். மதாம் எதிரில் நானும்தான் வாராவாரம் உட்கார்ந்து என் கஷ்டத்தைச் சொல்லிக் கையை நீட்டுகிறேன் என்பது எனக்கு உறைக்கவில்லை.

மதாம் என்றுதான் தெருவே கூப்பிடும். அவர் பெயர் எனக்குத் தெரியும். எழுதப் போவதில்லை. என் விஷயத்தில் அவர் காட்டாத மரியாதையை அவர் விஷயத்தில் நானாவது காட்டிவிட்டுப் போகிறேன்.

புதுச்சேரியிலேயே பிறந்தவர். கல்யாணமாகி பிரான்சுக்குப் போய், அங்கே முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்த்து, கணவர் இறந்தபின் பென்ஷனோடு திரும்பி வந்திருந்தார். சுனாமி வந்த வருஷம் கடற்கரைக் குப்பங்களுக்குத் தினமும் போனார். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த பெண்களின் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து, அவர்கள் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியூரிலிருந்து வந்த யாரோ அதைப் பார்த்துவிட்டு, உங்களுக்கு இது நன்றாக வருகிறது என்று சொல்லி, கொஞ்ச நாள் பயிற்சியும் கொடுத்து, ஒரு சான்றிதழும் கொடுத்துவிட்டுப் போனார்கள். அது மதாமின் முன்னறையில் கண்ணாடி போட்டுத் தொங்கியது. அதுவரைக்கும் எங்கள் ஊரில் கவுன்சிலிங் என்றால் இஞ்சினியரிங் சீட்டு வாங்கப் போவது. மனசுக்கும் கவுன்சிலிங் உண்டு என்பதை நிறையப் பேருக்கு மதாம்தான் தெரியவைத்தார். காசு வாங்கமாட்டார்.

அவர் வீடு எங்கள் ஊர்ப் பழைய வீடுகளைப் போல நீளமானது. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். வருகிறவர்கள் முன்வாசல் வழியாக வரவேண்டும், பேசி முடித்ததும் முற்றத்தையும் சமையலறையையும் தாண்டிப் பின்வாசல் வழியாகப் போய்விடவேண்டும். இது மதாம் போட்ட சட்டம். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது இல்லை, அவராக யோசித்தது. "சின்ன ஊரும்மா இது. டாக்டர் வீட்டு பெஞ்சில ஒக்காந்தாலே, உனக்கு என்னா சீக்குன்னு நாலு பேர் கேப்பாங்க. இங்க வர்றவங்க ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாக்க வேணாம்" என்பார். எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்தேன். இப்போதும் அந்தச் சட்டத்தை நல்ல மனசோடுதான் போட்டார் என்றே நினைக்கிறேன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் அவரிடம் போனபோது புருஷனை விட்டு வந்து மூலக்குளத்தில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தேன். ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை. தவளக்குப்பத்தில் இருந்த என் புருஷன் என்னை ஒரு நாளும் அடித்ததில்லை. குடித்ததில்லை. பேச்சை நிறுத்திவிடுவான். அவ்வளவுதான். காரணம் சொல்லமாட்டான். வாரக்கணக்காக, நான் வைத்த சோற்றைத் தொடாமல், நான் நிற்கும் இடத்தில் ஆள் இல்லாத மாதிரி என்னைத் தாண்டிப் போவான். கடைசியில் நான் போய், என்ன தப்பு செய்தேன் என்றே தெரியாமல் காலில் விழுவேன். அதற்குப்பின் ஒரு சின்னச் சிரிப்பு வரும். கொஞ்ச நாளில் மறுபடி ஆரம்பிக்கும். அடிக்கவில்லை, குடிக்கவில்லை, பின்னே உனக்கு என்னடி குறை என்று எல்லோரும் கேட்டார்கள். எல்லோரையும்விட அதிகமாகக் கேட்டவர் என் அப்பா. அதனால் நான் இருக்கும் வீட்டை அப்பாவுக்குச் சொல்லவில்லை. வேலை செய்யும் இடத்தை ஊரே அறியும், அங்கே நாலு பேர் நடுவில் அவர் வரமாட்டார் என்ற தைரியம் இருந்தது. மூலக்குளத்து வீட்டை மதாமுக்கு மட்டும் சொன்னேன். உடம்புக்கு ஏதாவது ஆனால் வந்து பார்க்க யாராவது வேண்டுமே என்று அவர்தான் கேட்டார்.

ஒவ்வொரு வியாழக்கிழமை சாயங்காலமும் போவேன். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "உள்ள என்னம்மா நடக்குது?" நான் முதல் நாள் ஒன்றும் சொல்லவில்லை. அவர் எழுந்து உள்ளே போனார். பிடி இல்லாத பெரிய கிண்ணத்தில் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். பிரெஞ்சுக்காரர்கள் மாதிரி ‘போல்’ என்பார் அந்தக் கிண்ணத்தை. இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்தால்தான் குடிக்கமுடியும். குடித்து முடித்த பின்னும் அதைக் கீழே வைக்க எனக்கு மனசு வரவில்லை.

அவரால் எனக்கு நல்லதும் நடந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். "அது உன் தப்பில்லம்மா" என்று என்னைப் பார்த்து முதன்முதலில் சொன்ன மனுஷி அவர். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு மாதம் நிம்மதியாகத் தூங்கினேன். இன்னொன்றும் சொன்னார். "ஒங்கப்பா கத்துறதுக்கு முன்னாடி ஒரு அமைதி இருக்கும் இல்ல? அது ஒனக்குச் சின்ன வயசுலேந்து பழக்கம். ஒம் புருஷன் அந்த அமைதிய மட்டும் எடுத்துக்கினு வந்து வீட்ல வச்சிட்டான். அடி எப்ப விழும்னு நீ வருசக்கணக்கா காத்துக்கினு இருந்திருக்கே." படித்தவர்கள் பக்கம் பக்கமாகச் சொல்வதை மதாம் காப்பி ஆறுவதற்குள் சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட ஆளிடம் எதை மறைக்கத் தோன்றும்?

எதையும் மறைக்கவில்லை.

என் அப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். தினமும் சாயங்காலம் குளித்து, சலவைச் சட்டை போட்டு, கழுத்தில் ஒ தெ கொலோன் என்கிற பிரெஞ்சு வாசனைத் தண்ணீரைத் தடவிக்கொண்டு, முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்வார். பிறகு "கர்தாவூ" என்று ஒரு சத்தம். பட்டாளத்தில் சிப்பாய்களை விறைப்பாக நிற்கச் சொல்லும் உத்தரவு அது. நான் ஓடிவந்து குதிகாலைச் சேர்த்து, கையைப் பக்கவாட்டில் ஒட்டி நிற்கவேண்டும். அன்றைக்குச் செய்த தப்பையெல்லாம் நானே சொல்லவேண்டும். அவருக்குத் தெரிந்த தப்பு ஏதாவது விட்டுப்போனால் பெல்ட்டைக் கழற்றுவார். அவருக்கு எது தெரியும், எது தெரியாது என்று எனக்கு எப்படித் தெரியும்? செய்யாததையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன். அம்மா அடுப்பைப் பார்த்தபடி நின்றிருப்பாள், திரும்பமாட்டாள். நான் பத்தாவது படிக்கும்போது செத்தும் போனாள்.

அஞ்சாவது படிக்கும்போது ஒரு நாள், அப்படி நின்றுகொண்டிருக்கும்போதே எனக்குச் சிறுநீர் போய்விட்டது. பாவாடை நனைந்து, காலில் வழிந்து, தரையில் பரவியது. அப்பா என்னை அப்படியே தரை காயும்வரை நிற்கவைத்தார். அன்றிலிருந்து இன்றுவரை எந்த ஆணாவது குரலை உயர்த்தினால் எனக்குக் கழிப்பறைக்கு ஓடவேண்டும். வேலை செய்யும் இடத்தில் ஒரு டாக்டர் சத்தம் போட்டபோது ஓட நேரம் இல்லாமல் போய், துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறேன். இதை என் சிநேகிதிகளுக்குச் சொன்னதில்லை. புருஷனுக்குச் சொன்னதில்லை. அம்மாவின் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகூடச் சொல்லவில்லை. மதாமிடம் சொன்னேன்.

மதாம் அழுதார். நிஜமான அழுகை, மூக்கெல்லாம் சிவந்துவிட்டது. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "ஒனக்குள்ள அந்தச் சின்னப் பொண்ணு இன்னும் கர்தாவூல நிக்கிறாம்மா. அவள ஒக்கார வைக்கணும் நாம" என்றார். எழுந்து போகும்போது, "இது இந்த ரூம்ப விட்டுப் போவாது" என்றார். நான் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு ஒரு வியாழக்கிழமை. முன்வாசலில் நுழைந்து அறைக்குள் கால் வைத்ததும் என் முதுகு விறைத்துக்கொண்டது. ஒ தெ கொலோன் வாசனை. எங்கள் ஊரில் பிரான்சோடு தொடர்புள்ள வீடுகளில் எல்லாம் ஒரு பாட்டில் இருக்கும், அது பெரிய அதிசயமில்லை. ஆனால் இது வியர்வையும் சலவைக் கஞ்சியும் கலந்த வாசனை. நான் நாள் முழுவதும் ஸ்பிரிட்டுக்கும் ரத்தத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பவள். மூக்குதான் எனக்குச் சோறு போட்டது என்று சொன்னால்கூடத் தப்பில்லை.

"மதாம், இங்க எங்கப்பா வாசன அடிக்குது" என்றேன்.

அவர் மேசைமேல் இருந்த காலிக் கிண்ணத்தை எடுத்து ஓரமாக வைத்தார். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அது வெளிய இல்லம்மா, உள்ள இருக்குது" என்றார். "ஒடம்பு எதயும் மறக்காது. நாம அந்தப் பேச்சு எடுத்தோம் இல்ல, அதான் மேல வருது. பயப்படாத. கண்ண மூடிக்கோ. மெதுவா மூச்சு விடு."

கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக மூச்சு விட்டேன். உள்ளே போனதெல்லாம் அப்பா வாசனை.

அடுத்த வாரமும் அடித்தது. அதற்கடுத்த வாரமும். ஒவ்வொரு தடவையும் மதாம் அதே பொறுமையோடு, அது உள்ளே இருக்கிறது என்றார். எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ என்று பயம் வந்துவிட்டது. வேலை செய்யும் இடத்தில் பக்கத்தில் இருப்பவளிடம், இந்தப் பாட்டிலில் உனக்கும் ஸ்பிரிட் வாசனைதானே அடிக்கிறது என்று கேட்டு உறுதி செய்துகொள்வேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கொஞ்சம் கொஞ்சமாக என் மூக்கைவிட மதாம் வாயை நம்பப் பழகிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூலக்குளத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மறுபடி அந்த வாசனை. உள்ளே இருப்பதுதான், மெதுவாக மூச்சு விடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பினேன். படியேறி மூச்சு வாங்க அப்பா நின்றுகொண்டிருந்தார். சலவைச் சட்டை, கையில் ஒரு பை நிறைய திராட்சை.

"ஒக்காரட்டா?" என்று கேட்டார்.

என்னிடம் அவர் அனுமதி கேட்டது அன்றைக்குத்தான். நாற்காலியை எடுத்துப் போட்டேன். நான் உட்காரவில்லை.

"நான் ஒன்ன ரொம்ப பயமுறுத்திட்டேன்" என்றார். தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "ஒனக்குள்ள ஒரு சின்னப் பொண்ணு இன்னும் கர்தாவூல நிக்கிறா. அவகிட்ட மன்னிப்பு கேக்க வந்திருக்கேன்."

எத்தனை வருஷமாக இந்த வார்த்தைக்குக் காத்திருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். கையில் ஈரத்துணியோடு நின்றபடி விம்மி விம்மி அழுதேன். ஆனால் அழுதுகொண்டிருக்கும்போதே மனசின் ஒரு மூலையில் ஏதோ இடறியது. சின்னப் பொண்ணு. என்னைப் பொட்டச்சி என்பதைத் தவிர வேறு விதமாகக் கூப்பிட்டறியாத மனுஷர். இந்த வார்த்தை இவர் வாயில் எப்படி வந்தது?

அப்பா நான் அழுவதைப் பார்த்துத் தைரியமாகிவிட்டார். நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"நின்ன எடத்துலயே ஒண்ணுக்குப் போயிட்டத இன்னுமா மனசுல வச்சிக்கினு இருக்கே? புள்ளைங்கன்னா போறதுதானே" என்று சொல்லி லேசாகச் சிரித்தார். "மாப்ளகிட்டயும் பேசிட்டேன். அவ பயந்த சுபாவம், சத்தம் கேட்டா இன்னிக்கும் ஒண்ணுக்கு நிக்கமாட்டேங்குது, நீங்கதான் அனுசரிச்சிப் போவணும்னு சொன்னேன். அவரு பெரிய மனசு பண்ணி சரின்னுட்டாரு. துணிமணிய எடுத்துவை."

"இந்த வீடு ஒங்களுக்கு எப்டித் தெரியும்?"

"மதாம்தான் சொன்னாங்க. தங்கமான பொம்பள. வாராவாரம் போறேன் இல்ல. ஒனக்கு முன்னாடி நேரம் எனக்கு."

என் மூக்கு சரியாகத்தான் இருந்திருக்கிறது. எனக்கு முதலில் தோன்றியது அதுதான். ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது. அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் வந்தது. திராட்சைப் பையை எடுத்து அவர் மடியில் வைத்தேன். "நான் வரல. நீங்க போங்க" என்றேன். அப்பா பழைய அப்பாவாக மாறி எழுந்தார். ஏதோ கத்தினார். நான் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். அவர் படியிறங்கும் சத்தம் கேட்கும்வரை வெளியே வரவில்லை.

அன்றைக்கே மதாம் வீட்டுக்குப் போனேன். தலைக்குக் குளித்து முடியைக் காயவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"அப்பா வந்தாரா?" என்றார்.

நான் நின்றுகொண்டே கேட்டேன். "இந்த ரூம்ப விட்டுப் போவாதுன்னு சொன்னீங்களே மதாம்."

"போவலையேம்மா. அவரும் இந்த ரூம்ல ஒக்காந்துதானே கேட்டாரு" என்றார். கிண்டல் இல்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பினார். "எம் பொண்ணு மனச நீங்க கலைக்கிறீங்கன்னு மொதல்ல சண்டைக்குத்தாம்மா வந்தாரு. நான் ஒண்ணும் பேசல. என்னா நடக்குது உள்ளன்னு மட்டும் கேட்டேன். ஒடைஞ்சிட்டாரு. அந்த நாக்காலில ஒக்காந்து கொழந்த மாரி அழுதாரு தெரியுமா? அவரு பக்கமும் கஷ்டம் இருக்குதும்மா. ரெண்டு பேரும் நல்லவங்க. சொல்லிக்கத் தெரியல. நடுவுல நான் ஒருத்தி சொல்லிட்டா சேந்துடுவீங்கன்னு பாத்தேன்."

"எங்கப்பா வாசன அடிக்குதுன்னு நான் சொன்னப்ப, அவரு அப்பதானே பின்பக்கமா போயிருந்தாரு?"

மதாம் முடியைக் கோதுவதை நிறுத்தினார்.

"அப்ப தெரிஞ்சிருந்தா நீ தாங்கியிருக்க மாட்டேம்மா."

"எம் மூக்கயே நான் நம்பாத மாரி பண்ணிட்டீங்க. எனக்குப் பைத்தியம்னு நெனச்சேன். அவரு அடிச்சாருன்னா அடிச்சேன்னாவது ஒத்துக்குவாரு. நீங்க கையப் புடிச்சிக்கினே பண்ணீங்க."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியது. எதிர்த்து ஒரு வார்த்தை பேசுவார், திட்டுவார், நானும் திட்டலாம் என்று நின்றேன். அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ சொல்றது சரிதாம்மா" என்றார்.

முன்வாசலில் அழைப்பு மணி அடித்தது. வேறு யாரோ வந்துவிட்டார்கள். மதாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மெல்லிய குரலில், "பின்பக்கமா போயிடும்மா" என்றார். அத்தனை ஆத்திரத்திலும் நான் பழக்கதோஷத்தில் முற்றத்தையும் சமையலறையையும் தாண்டிப் பின்வாசல் வழியாகத்தான் வெளியே வந்தேன். தெருவுக்கு வந்தபின் அதை நினைத்து என்மேலேயே எரிச்சலாக இருந்தது.

மூலக்குளத்து வீட்டைக் காலி செய்துவிட்டுப் பெண்கள் விடுதி ஒன்றுக்குப் போனேன். புருஷனிடம் திரும்பவில்லை, விவாகரத்து மெதுவாக நடந்து முடிந்தது. வழக்கு நடந்த நாளில் அவன் என்னைப் பார்த்து, நான் பெரிய மனசு பண்ணியும் நீ வரவில்லையே என்கிற மாதிரி அந்தச் சின்னச் சிரிப்பைச் சிரித்தான். அவனுக்கு என்ன தெரியும் என்று எனக்குத் தெரியும். அந்தச் சிரிப்புக்கு மதாமைத்தான் நான் பொறுப்பாக்குவேன்.

அதற்கப்புறம் ரொம்ப காலம் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. தூக்கம் சுத்தமாகப் போனபின்தான் பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போனேன். அங்கே ஒரே ஒரு வாசல். பெஞ்சில் எல்லோரும் எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என் முறை வந்ததும், எனக்கு என்ன என்று சொல்வதற்கு முன்னால் அந்த டாக்டர் பெண்ணிடம் ஒன்று கேட்டேன். "எங்கப்பா வந்து கேட்டா என்ன சொல்லுவீங்க?" அந்தப் பெண் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "நீங்க யாருன்னே தெரியாதுன்னு சொல்லுவேன்" என்றாள். அவள் காப்பி கொடுக்கவில்லை, அழவில்லை, கையைப் பிடிக்கவில்லை. நான் அவளிடம்தான் தேறினேன்.

அடுத்த வருஷம் அப்பா செத்துப்போனார். சொந்தக்காரர்கள் ஆள் அனுப்பினார்கள், போனேன். கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் சலவைச் சட்டையோடு கிடந்தார். நான் கால்மாட்டில் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் என் குதிகால் இரண்டும் சேர்ந்திருப்பதைப் பார்த்தேன். காலை அகட்டி வைத்துக்கொண்டேன்.

மதாம் வந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். பிறகு பெண்களுக்கு நடுவில், அப்பா தலைமாட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். யாரோ, என்ன இருந்தாலும் கோபக்கார மனுஷன் என்று ஆரம்பித்தார்கள். மதாமுக்கு அது பொறுக்கவில்லை. செத்தவர் பக்கம் பேச ஒருத்தர் வேண்டாமா?

"வெளியதான் அவரு சொல்தா" என்றார். "உள்ள அவரு ஒரு கொழந்த. பொண்டாட்டி போனதுலேந்து வெளக்க அணைச்சிட்டு அவரால படுக்க முடியாது, தெரியுமா? இருட்டுன்னா அவ்ளோ பயம். சமையக்கட்டு வாசப்படியில ஒக்காந்து பொண்டாட்டி பேரச் சொல்லி அழுவாராம். எங்கிட்டதான் சொன்னாரு."

பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். பின்வரிசையில் ஒருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுத்தவளைப் பார்த்தாள். ஒரு சத்தத்தில் தெருவையே நிமிர்ந்து நிற்கவைத்த மனுஷன், விளக்குப் போட்டுக்கொண்டு படுத்தாராம். அவள் தோள் குலுங்கியது, அழுகையால் அல்ல.

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கவேண்டும். அப்பாவை நான் மன்னிக்கவில்லை, இன்றைக்கும் இல்லை. ஆனால் அவரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவரும் இரண்டு கையாலும் அந்தக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, இது இந்த அறையை விட்டுப் போகாது என்று நம்பித்தான் அதைச் சொல்லியிருப்பார். வாயைத் திறந்து பதில் சொல்லக்கூட முடியாமல் இப்போது பெட்டிக்குள் கிடக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மதாம் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"அது அவரு ஒங்ககிட்ட சொன்னது மதாம்."

"ஆமாம்மா, எங்கிட்டதான் சொன்னாரு" என்றார் பெருமையாக.

"ஒங்ககிட்ட மட்டும் சொன்னது."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்து எழுப்பினேன். அந்தக் கை அப்போதும் இதமாகத்தான் இருந்தது. முற்றத்தைத் தாண்டி, சமையலறை வாசற்படியைத் தாண்டிக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் வீடும் அவர் வீட்டைப் போல நீளமானதுதான்.

"முன்னாடி ஆளுங்க நெறைய இருக்காங்க" என்றேன். "பின்பக்கமா போயிடுங்க மதாம்."

அவருக்குப் புரிந்தது. முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு என் கையை லேசாக அழுத்தினார்.

"நீ சொல்றது சரிதாம்மா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு அப்பாவிடம் திரும்பிப் போனேன்.